கஞ்சமலை அடிவாரத்தில் தாவோ



வாழ்க்கைக்குப் பொருள் தேடும் முயற்சியில் தாவோ நெறிக்கும் தாய்ச்சிப் பயிற்சிக்கும் உள்ள இடம் பற்றிப் பேசுகிறேன் என்று சொன்னபோது, சேலத்தில் நின்றுகொண்டு சீனத்தைப் பற்றிப் பேச வேண்டுமா என்று அமைப்பாளர்கள் கேட்டார்கள். நியாயமான கேள்விதான். இந்த ஊரில் நின்று பேசுவதற்கு எனக்கு இரண்டு காரணங்கள் உண்டு. ஒன்று, இங்கிருந்து மேற்கே பார்த்தால் தெரியும் கஞ்சமலை. மற்றொன்று, இதே ஊரில் வாழ்ந்து 2009இல் மறைந்த கவிஞர் சி. மணி. மலையிலிருந்தே தொடங்குகிறேன்.

கஞ்சமலையின் கருங்கல்லில் இரும்பு இருக்கிறது. காந்தத்தை அருகில் கொண்டுபோனால் ஒட்டிக்கொள்ளும் கல் அது. அதன் அடிவாரத்தில் சித்தர்கோயில். அமாவாசை தோறும் இளம்பிள்ளைச் சாலையில் கூட்டம் நெரியும். ஆடி அமாவாசை என்றால் சொல்லவே வேண்டாம். குளத்தில் உப்பும் மிளகும் போட்டு, உடம்பில் உள்ள மரு உதிர வேண்டும் என்று வேண்டிக்கொள்வார்கள். அங்கே வழிபடப்படுபவர் காலாங்கிநாதர் என்பது ஊர்வழக்கு. சித்தராகிய போகருக்கு அவர் குரு. அந்தக் காலாங்கியார் சீனதேசம் போனவர் என்றும், போகரும் குருவைப் பின்பற்றிச் சீனம் போய்த் திரும்பியவர் என்றும் சித்தர் மரபு சொல்கிறது. காலாங்கியார் கஞ்சமலையில் அடங்கினார் என்பார் சிலர். சீனத்திலேயே அடங்கினார் என்பார் சிலர். நாமக்கல் பக்கம் போனால், கொல்லிமலையில் ஆகாய கங்கைக்கு அருகே அவர் பெயரால் ஒரு குகையே காட்டுகிறார்கள். பக்கத்தில் கோரக்கர் குகை.

மலையடிவாரத்தில் சொல்லப்படும் கதை உங்களில் பலர் பாட்டி வாயால் கேட்டதுதான். மூலிகை தேடி ஒரு குரு, வயது முதிர்ந்த சீடனுடன் கஞ்சமலைக்கு வருகிறார். குரு காட்டுக்குள் போய்விடுகிறார். சீடன் சோறு பொங்குகிறான். பொங்கி வரும்போது துடுப்பு இல்லை. கைக்கு எட்டிய ஒரு செடியின் குச்சியை ஒடித்துக் கிளறுகிறான். சோறு முழுக்கக் கறுத்துப்போகிறது. குரு வந்தால் என்ன சொல்வாரோ என்ற பயத்தில் அந்தக் கறுத்த சோற்றைத் தானே தின்றுவிட்டு, வேறு சோறு வடித்து வைக்கிறான். குரு திரும்பி வந்து பார்த்தால் அடுப்பங்கரையில் நிற்பவன் இளைஞன். குரு திருமூலர் என்றும், சீடன்தான் காலாங்கியார் என்றும் ஒரு வடிவம் சொல்கிறது.

இந்தக் கதையில் என்னைக் கட்டிப்போடுவது அந்தப் பயம். சாகாமல் இருக்க வேண்டும் என்று அந்தச் சீடன் எதையும் செய்யவில்லை. சோறு கெட்டுவிட்டதே என்று பதறி, குருவுக்குக் கெட்டதைப் போடக் கூடாது என்று தின்றான். தேடிவந்த குருவுக்குக் கிடைக்காத மூலிகை, தேடாத சீடனின் வயிற்றுக்குள் போயிற்று.

இப்போது சீனத்துக் கதை ஒன்று. நான்காம் நூற்றாண்டில் மறைந்த கோ ஹோங் என்ற அறிஞர் பெயரால் வழங்கும் சித்தர் வரலாற்றுத் தொகுப்பில் அது இருக்கிறது. வெய் போயாங் என்ற தாவோ நெறி ஆசான் மூன்று சீடர்களோடு மலையேறிச் சாகாமருந்து செய்கிறார். முதலில் ஒரு வெள்ளை நாய்க்குக் கொடுத்துப் பார்க்கிறார்கள். நாய் விழுந்து சாகிறது. வீட்டையும் உலகத்தையும் விட்டு வந்தாயிற்று, இனி எந்த முகத்தோடு திரும்புவது என்று ஆசான் தானும் தின்கிறார், அவரும் விழுகிறார். மூன்று சீடர்களில் ஒருவன், என் ஆசிரியர் சாதாரண மனிதர் அல்லர், காரணம் இல்லாமல் இதைச் செய்திருக்க மாட்டார் என்று தின்று சாகிறான். மற்ற இருவரும், இன்னும் சில காலம் வாழக்கூடிய உடம்பை எதற்காக இழப்பது என்று சவப்பெட்டி வாங்கக் கீழே இறங்குகிறார்கள். அவர்கள் தலை மறைந்ததும் ஆசான் எழுகிறார். சீடனையும் நாயையும் எழுப்பி அழைத்துக்கொண்டு போய்விடுகிறார்.

மலை, குரு, சீடன், வாய்க்குள் போகும் மருந்து. இரண்டு கதைகளையும் அருகருகே வைத்தால், ஒன்றைப் பார்த்து மற்றொன்று எழுதப்பட்டதோ என்று தோன்றும். அந்த முடிவுக்கு நான் போகவில்லை. இரண்டு நாட்டிலும் ஒரே ஆசை இருந்தது, அந்த ஆசை ஒரே பொருளைக் கையில் எடுத்தது: பாதரசம். ரசத்தைக் கட்டினால் உடம்பையும் கட்டலாம் என்று இங்கே நம்பினார்கள். சீனத்திலும் பாதரசம் சேர்ந்த சிவந்த கல்லாகிய ஜாதிலிங்கத்தைச் சுட்டும் புடமிட்டும் மருந்தாக்கினார்கள். விலை பெரிதாக இருந்தது. தாங் மரபின் பேரரசர்கள் பலர், 846இல் இறந்த வூசோங், 859இல் இறந்த சுவான்சோங் உட்பட, சாகாமருந்தைத் தின்றே செத்தார்கள் என்று சீன வரலாறுகள் எழுதி வைத்திருக்கின்றன.

அதன்பின் நடந்ததுதான் என் பேச்சுக்கு உயிர். மருந்து உலை மெல்ல மெல்ல உடம்புக்குள் இடம் மாறியது. வெளியே தேடிய ஈயமும் ரசமும் மூச்சுக்கும் விந்துக்கும் மனத்துக்கும் பெயர்களாயின. அடிவயிறே அடுப்பு ஆயிற்று. சீனர்கள் இதை உள்மருந்து நெறி என்றார்கள். நம் சித்தர் பாடல்களிலும் ரசவாதச் சொற்களைக் கொண்டு மூச்சை, வாசியைப் பேசும் வழக்கம் நிறைந்து கிடக்கிறது. அதற்கும் முன்பே, மூவாயிரத்துக்கு மேற்பட்ட பாடல்களில் உடம்பை ஓம்புவதே உயிரை ஓம்புவது என்ற கொள்கையைத் திருமூலர் நிறுத்திவிட்டார். திருமந்திரத்தின் மூன்றாம் தந்திரம் யோகத்துக்கே ஒதுக்கப்பட்டது. சீன அறிவியல் வரலாற்றை எழுதிய ஜோசப் நீதம் இந்த ஒப்புமையைத் தீவிரமாக எடுத்துக்கொண்டு ஆராய்ந்தார். தமிழ்ச் சித்தர்களைப் பற்றி 1973இல் நூல் எழுதிய கமில் சுவலபில்லும் போகரின் சீனத் தொடர்பை விட்டுவிடவில்லை.

யார் யாருக்குக் கொடுத்தது என்று அடித்துக்கொள்வதில் எனக்கு நாட்டமில்லை. போகரே சீன ஞானி லாவோட்சு என்று இப்போது பலர் உறுதியாகச் சொல்கிறார்கள். அன்போடு மறுக்கிறேன். லாவோட்சு பெயரால் வழங்கும் தாவோ நெறி நூலாகிய தாவோ தே ஜிங்கின் பகுதிகள் எழுதப்பட்ட மூங்கில் கீற்றுகள் 1993இல் ஹூபெய் மாநிலத்தின் குவோதியனில் கிடைத்தன. அவை ஏறத்தாழ கி.மு. 300ஐச் சேர்ந்தவை. போகர் ஏழாயிரத்தின் தமிழோ மிகவும் பிற்காலத்துத் தமிழ். நடுவே உள்ள காலத்தைக் காயகற்பத்தால் நிரப்பிவிட முடியாது. ஆனால் தமிழரும் சீனரும் ஒருவரை ஒருவர் அறிந்திருந்தார்கள் என்பதில் ஐயமே வேண்டாம். 1015, 1033, 1077 ஆகிய ஆண்டுகளில் சோழர் தூது சீனம் சென்றது. 1281இல் சுவான்சோ துறைமுகத்தில் சிவனுக்குக் கோயில் எடுத்துத் தமிழில் கல்வெட்டு வெட்டினார்கள். நாகப்பட்டினத்தில் நின்ற சீனர் கோபுரம் 1867இல் இடிக்கப்பட்டது. கடலில் மிளகும் பட்டும் போய்வந்த வழியில் மருந்தும் மூச்சும் போய்வந்திருக்கலாம். அதற்கு மேல் சான்று பேச வேண்டும். நான் பேசக் கூடாது.

சான்று பேசும் இடம் ஒன்று இருக்கிறது. அதுதான் சி. மணி.

1960களின் பிற்பகுதியில் சேலத்திலிருந்து வெளிவந்த ‘நடை’ இதழை மாணவர்கள் தேடிப் படிக்க வேண்டும். சி. சு. செல்லப்பாவின் ‘எழுத்து’ வளர்த்த புதுக்கவிதைக்கு இந்தச் சமவெளியில் கிடைத்த வீடு அது. அதன் பின்னணியில் நின்றவர் சி. மணி. ‘வரும் போகும்’, ‘ஒளிச்சேர்க்கை’, ‘இதுவரை’ ஆகிய தொகுப்புகளின் கவிஞர். யாப்பைக் கைவிட்டவர் என்று பழிக்கப்பட்ட தலைமுறையைச் சேர்ந்த அவரே யாப்பியல் பற்றித் தனி நூல் எழுதினார் என்பதை இங்கே அழுத்திச் சொல்கிறேன். நகரத்தின் நெரிசலையும் தனிமனிதனின் வெறுமையையும் தயவில்லாமல் எழுதிய அந்தக் கை, பிறகு தாவோ தே ஜிங்கைத் தமிழில் தந்தது, க்ரியா வெளியிட்டது.

ஏழாம் நூற்றாண்டில் காமரூபத்து அரசன் பாஸ்கரவர்மன் கேட்டுக்கொண்டதால், சீனப் பேரரசரின் ஆணைப்படி பௌத்தத் துறவி சுவான்சாங் இதே நூலைச் சமஸ்கிருதத்தில் ஆக்க முற்பட்டார் என்று சீனக் குறிப்புகள் கூறுகின்றன. அந்த நூல் நம் கைக்கு வரவில்லை. சேலத்துக் கவிஞரின் நூல் வந்தது. 81 சிறு பகுதிகள், சீனத்தில் ஏறக்குறைய 5,000 எழுத்துகள்; அவ்வளவுதான் மூலம். சுருங்கச் சொல்லிப் பழகாதவர் தொட்டால் விளக்கவுரையாக வழிந்துவிடும். அசையும் சீரும் தெரிந்து, அவற்றை எங்கே விட வேண்டும் என்பதும் தெரிந்த ஒருவர் அதைத் தொட்டது தமிழின் நல்லூழ் என்றே நினைக்கிறேன். சேலத்தில் தெருவுக்கு ஒரு யோகப் பயிற்சி நிலையம் இருக்கிறது. சி. மணி இந்த நூலைத் தமிழாக்கியவர் என்பது அங்கே பயில்வோரில் எத்தனை பேருக்குத் தெரியும் என்று எண்ணும்போது வருத்தமாக இருக்கிறது.

அந்த நூல் என்ன சொல்கிறது? வாழ்க்கைக்கு இன்னது நோக்கம் என்று ஓரிடத்திலும் சொல்வதில்லை. உலகம் தானே நடக்கிறது. அதன் நடையை அறிந்து உடன் நட என்கிறது. மீண்டும் மீண்டும் தண்ணீரைக் காட்டுகிறது. எல்லோரும் ஒதுக்கும் தாழ்வான இடத்துக்குத் தண்ணீர் போகிறது, எதனோடும் போட்டியிடாமல் எல்லாவற்றுக்கும் பயன்படுகிறது, மென்மையாக இருந்துகொண்டே பாறையை அரிக்கிறது என்கிறது. மேட்டூரிலிருந்து மோகனூர் வரை காவிரியைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இதில் உரை தேவைப்படாது.

அதன் நடுக்கருத்து, வலிந்து செய்யாமை. இதைச் சோம்பல் என்று புரிந்துகொள்பவர்கள் உண்டு. லாவோட்சுவுக்குப் பின் வந்த சுவாங்சு ஒரு சமையல்காரரின் கதையால் இதை விளக்கினார். அரசருக்காக மாடு அறுக்கும் ஒருவர். பத்தொன்பது ஆண்டுகளாக ஒரே கத்தி. தீட்டுக்கல்லில் இருந்து அப்போதுதான் எடுத்ததுபோல் இருக்கிறது. எப்படி? எலும்பை வெட்டுவதில்லை அவர். மூட்டுக்கும் மூட்டுக்கும் நடுவே வெற்றிடம் இருக்கிறது. மெல்லிய கத்தி அதற்குள் போய் வருகிறது. சிக்கலான இடம் வந்தால் மட்டும் நின்று, பார்த்து, மெதுவாகக் கத்தியை நகர்த்துகிறார். இளம்பிள்ளையில் குழித்தறியில் உட்கார்ந்திருக்கும் வயதான நெசவாளியைப் பாருங்கள். நாடா போய்வரும், மிதி ஏறி இறங்கும், தோளில் ஓர் இறுக்கம் இருக்காது. இழை அறுந்தால் மட்டும் உடம்பு முழுவதும் நின்றுவிடும். விரல் நுனியில் எச்சில் தொட்டு, முடிச்சிட்டு, மறுபடி ஓட்டம். புதிதாகத் தறியில் இறங்கிய பையன் அதே வேலையில் மாலைக்குள் கழுத்து பிடித்துப் போவான். முதியவர் குறைவாக உழைக்கிறார் என்று யார் சொல்ல முடியும்?

இந்த நூலறிவு உடம்புக்கு எப்படி வந்தது? 1973இல் ஹூனான் மாநிலத்து மவாங்துய்யில் ஒரு கல்லறையைத் திறந்தார்கள். கி.மு. 168இல் மூடிய கல்லறை. உள்ளே பட்டுத்துணியில் எழுதிய லாவோட்சு நூலின் இரண்டு படிகள் இருந்தன. அதே கல்லறையில், உடற்பயிற்சி செய்யும் 44 மனித உருவங்கள் வரைந்த பட்டுத்துணி ஒன்றும் இருந்தது. ஆணும் பெண்ணும், முதியோரும் இளையோரும், கையை நீட்டியும் வளைந்தும் குனிந்தும் நிற்கிறார்கள். நூலையும் பயிற்சிப் படத்தையும் ஒருவரோடு ஒரே குழியில் வைத்தார்களே, அந்த முடிவை எடுத்தவர்களை நான் வணங்குகிறேன்.

தாய்ச்சியோ இவ்வளவு பழையது அன்று. வூடாங் மலையில் சாங் சான்ஃபெங் என்ற தாவோ துறவி, பாம்பும் பறவையும் சண்டையிடக் கண்டு தாய்ச்சியைப் படைத்தார் என்ற கதை அழகானது, வரலாற்றில் நிற்காது. உறுதியாகத் தெரிவது, ஹெனான் மாநிலத்தில் சென் குடும்பத்தார் வாழும் ஊரில் பதினேழாம் நூற்றாண்டில் சென் வாங்டிங் என்ற படைவீரரைச் சுற்றி இந்தக் கலை உருவெடுத்தது என்பதுதான். ஊரைக் காக்கும் அடிதடிக் கலை அது. அந்த ஊரில் கற்ற யாங் லுச்சான் (1799–1872) பெய்ஜிங்குக்குக் கொண்டுபோனார். அவர் பேரன் யாங் செங்ஃபூ (1883–1936) காலத்தில், இன்று நாம் பார்க்கும் மெதுவான, அகலமான அசைவு பரவியது. 1956இல் சீன அரசின் விளையாட்டுத் துறை 24 நிலைகள் கொண்ட சுருக்க வடிவத்தை வகுத்தது. உலகெங்கும் பூங்காக்களில் ஆடுவது பெரும்பாலும் அதைத்தான். 2020இல் யுனெஸ்கோ தாய்ச்சியை மானுடத்தின் பண்பாட்டு மரபுகளில் ஒன்றாகப் பட்டியலில் சேர்த்தது.

தற்காப்புக்குப் பிறந்த கலைக்குத் தாவோ நூலின் சொற்கள் ஏன் இவ்வளவு பொருந்தின? வலிமைக்கு எதிராக வலிமையை நிறுத்தாமல், வரும் விசைக்கு இடம் விட்டு அதைத் திருப்புவதே தாய்ச்சியின் உத்தி. மெலிந்தவர் தடித்தவரைச் சமாளிக்க வேறு வழியில்லை. உத்தியாகத் தொடங்கியது வாழ்க்கைமுறையாக விரிந்தது. வரலாற்றில் தாய்ச்சி தாவோவின் பிள்ளை அல்ல என்று சொல்லலாம். பயிற்சியில் அது தாவோவின் வீட்டில்தான் வளர்கிறது.

நான் இதைக் கற்றது சிங்கப்பூரில், மகள் குடும்பத்தோடு தங்கியிருந்த காலத்தில். அரசு கட்டிய அடுக்குமாடியின் கீழ்த்தளத்தில் விடியற்காலையில் முதியவர்கள் கூடுவார்கள். கற்றுத்தந்த சீன அம்மையாருக்கும் எனக்கும் பொதுமொழி என்று சொல்லச் சில ஆங்கிலச் சொற்களும் சில மலாய்ச் சொற்களும்தான். என் மனைவி மறைந்து அதிக காலம் ஆகவில்லை. இனி எதற்கு இருக்கிறோம் என்ற கேள்வியோடு நான் நின்றேன். அந்த அம்மையாருக்கு அது தெரியாது. என் பின்னால் வந்து இரண்டு விரலால் தோள்மேட்டைத் தொட்டார். தோள் காதுக்கருகே ஏறி நிற்பதை அதுவரை நான் அறியவில்லை. அது இறங்கியது. இறங்கியவுடன், மார்பில் நின்ற மூச்சு வயிற்றுக்கு இறங்கியது. உள்ளங்கால் தரையில் பட்டுக்கொண்டிருக்கிறது என்ற செய்தி அப்போதுதான் எனக்கு எட்டியது.

அடிப்படை இதுதான். கால்களைத் தோள் அகலத்துக்கு வைத்து, முட்டியை இளக்கி நிற்க வேண்டும். உச்சந்தலையை யாரோ ஒரு நூலால் மேலே பிடித்திருப்பதுபோல் கழுத்து நிமிர வேண்டும். பிறகு எடை முழுவதையும் வலக்காலுக்கு மாற்ற வேண்டும். இடக்கால் வெறுமை ஆகும், எடையில்லாத கால். அதை எடுத்து முன்னே குதிகாலை மட்டும் வைக்க வேண்டும். இன்னும் எடை போகவில்லை. பிடிக்கவில்லை என்றால் காலைத் திரும்ப எடுத்துக்கொள்ளலாம். பிறகே பாதம் படிந்து, எடை மெல்ல மெல்ல அதற்குப் போகிறது. நிறைந்த கால் வெறுமையாகிறது, வெறுங்கால் நிறைகிறது. இடுப்பு திரும்பினால் கை திரும்பும். கை தனியாக ஒரு வேலையும் செய்யாது. யாங் செங்ஃபூ சொல்லிப் பதிவான பத்து நெறிகளில், நிறைவையும் வெறுமையையும் பிரித்தறி என்பது ஒன்று. உடல்பலத்தால் செய்யாதே, மனத்தால் செய் என்பது ஒன்று.

சொன்னால் எளிது. செய்து பாருங்கள். நாம் நடப்பதெல்லாம் விழுந்து, விழாமல் தாங்கிக்கொள்வது. எடை போகுமுன் காலை வைப்பது என்பது, போகும் இடத்தை உறுதி செய்துகொண்டு போவது. எங்கே நிற்கிறோம் என்று தெரியாமலே அடுத்த இடத்தில் நிற்கும் பழக்கம் நம் எல்லோருக்கும் இருக்கிறது. அது காலில் மட்டும் இருக்கும் பழக்கம் அன்று. என் கேள்விக்கு அந்தக் கீழ்த்தளத்தில் விடை கிடைக்கவில்லை. கேள்வி கேட்கும் உடம்பு மாறியது. தோள் ஏறி, மூச்சு முட்டி நிற்கும் ஒருவன் வாழ்க்கையின் பொருள் என்ன என்று கேட்டால் அது முறையீடு. இறங்கிய தோளோடு அதே சொற்களைக் கேட்கும்போது அதில் அறியும் ஆவல் இருந்தது. இந்த வேறுபாட்டை நூலைப் படித்து நான் அடைந்திருக்க முடியாது.

சுவாங்சுவின் மனைவி இறந்தபோது நண்பர் துக்கம் கேட்க வருகிறார். சுவாங்சு காலை நீட்டி உட்கார்ந்து, பானையைத் தட்டிப் பாடிக்கொண்டிருக்கிறார். நண்பருக்குக் கோபம். சுவாங்சு சொல்லும் மறுமொழியில் பலரும் தாண்டிப்போகும் ஒரு செய்தி இருக்கிறது: முதலில் நானும் அழுதேன் என்கிறார். அதன்பிறகுதான், அவள் பிறப்பதற்கு முன் எங்கே இருந்தாள், வடிவமில்லாததில் வடிவம் வந்து மறுபடி போவது பருவங்கள் மாறுவதுபோல் அல்லவா என்று எண்ணத் தொடங்கினார். நம் ஊர்களில் சாவு வீட்டில் பறை அடிக்கிறோம், ஒப்பாரி வைக்கிறோம், எடுப்பில் ஆடுகிறோம். அழுகையும் தாளமும் ஒரே முற்றத்தில் இருக்கும் பண்பாட்டிலிருந்து வந்த எனக்குச் சுவாங்சு அந்நியராகத் தெரியவில்லை.

ஆனால் சித்தரும் தாவோ ஞானியும் ஒன்றே என்று சொல்லி முடித்துவிட மாட்டேன். சித்தருக்குப் பிறவி ஒரு கட்டு, அறுக்க வேண்டியது. சுவாங்சுவுக்குப் பிறப்பும் இறப்பும் கோடையும் மாரியும் போல, அறுக்க ஒன்றுமில்லை. சித்தரின் பாடலில் சினம் உண்டு: சாதியின் மேல், சடங்கின் மேல், போலித் துறவியின் மேல். அந்தச் சினத்தை நான் இழக்க விரும்பவில்லை. தாவோ பேசுகிறவர்கள், கூலி உயர்வு கேட்டு நிற்கும் விசைத்தறித் தொழிலாளியிடம் போய் நீரோட்டத்தோடு போ என்று சொல்வார்களானால் அது கொடுமை. லாவோட்சு அப்படிச் சொல்லவும் இல்லை. மக்கள் பட்டினி கிடப்பது மேலே இருப்பவர்கள் வரியைத் தின்பதால்தான் என்று அந்த நூலின் கடைசிப் பகுதிகளில் பட்டவர்த்தனமாக இருக்கிறது. அங்கே அறிவுரை ஆள்பவனுக்கு; வலிந்து செய்யாதே என்ற கட்டளை முதலில் அவனுக்குத்தான்.

மருத்துவப் பயன் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். 2012இல் நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் வந்த அமெரிக்க ஆய்வில், பார்க்கின்சன் நோய் உள்ள 195 பேர் மூன்று குழுக்களாக 24 வாரம் பயிற்சி செய்தார்கள். தாய்ச்சி செய்தவர்களின் சமநிலை, எடைப் பயிற்சி செய்தவர்களையும் உடலை நீட்டும் பயிற்சி செய்தவர்களையும் விட மேம்பட்டது. நீட்டும் பயிற்சிக் குழுவோடு ஒப்பிட்டால் கீழே விழுவதும் குறைந்தது. முதியவர்கள் விழாமல் இருக்க இது உதவும் என்பதற்கு வேறு ஆய்வுகளும் உள்ளன. சர்க்கரை நோய் போய்விடும், நூறு வயது வாழலாம் என்று யாராவது பணம் வாங்கிக் கற்றுத்தர வந்தால், தாங் பேரரசர்களை நினைவில் வையுங்கள்.

என் கவலை நம் ஊர் முதியவர்களைப் பற்றியது. திருச்செங்கோட்டிலிருந்து ஆழ்துளைக் கிணறு தோண்டும் வண்டிகள் இந்தியா முழுவதும் போகின்றன. நாமக்கல் லாரிகள் போகாத மாநிலம் இல்லை. பிள்ளைகள் பெங்களூரிலும் அதற்கப்பாலும். ஓட்டுநராகவோ தறிகாரராகவோ உடம்பைத் தேய்த்து ஓய்ந்தவர்கள் வீட்டுத் திண்ணையில் முட்டிவலியோடு இருக்கிறார்கள். எதற்கு இருக்கிறோம் என்ற கேள்வி அவர்களுக்கும் வருகிறது. மாத்திரைச் சீட்டில் அதற்கு மருந்து இல்லை.

இவர்களுக்குச் சீன ஆசிரியரைத் தேடிப் போக வேண்டியதில்லை. சிலம்ப ஆசான்கள் சேலம், நாமக்கல் ஆகிய இரு மாவட்டங்களிலும் இருக்கிறார்கள். கம்பைத் தொடுமுன் காலடி வரிசை கற்றுத்தருகிறார்களே, அதில் எடை மாற்றம் இருக்கிறது, இடுப்புத் திருப்பம் இருக்கிறது, எதிராளியின் விசைக்கு இடம் விடுவதும் இருக்கிறது. அதையே பத்தில் ஒரு பங்கு வேகத்தில், கம்பு இல்லாமல், மூச்சைக் கவனித்துக்கொண்டு முதியவர்களுக்குக் கற்றுத்தர முடியுமா என்று சில ஆசான்களிடம் கேட்டிருக்கிறேன். இளைஞர்கள் மெதுவாகச் செய்யப் பொறுமை இல்லாதவர்கள், ஆனால் பெரியவர்களுக்குச் செய்யலாம் என்றார் ஒருவர். முட்டி எவ்வளவு மடங்கலாம் என்பதை எலும்பு மருத்துவர் ஒருவர் அருகில் இருந்து சொல்ல வேண்டும் என்றார் இன்னொருவர், சரியான பேச்சு. அந்த முயற்சி இந்தக் கல்லூரி வளாகத்திலேயே தொடங்கலாம் என்பது என் வேண்டுகோள். காலையில் மைதானம் காலியாகத்தான் கிடக்கிறது. பயிற்சிக்குப் பின் கால்மணி நேரம் உட்கார்ந்து, சி. மணியின் தமிழாக்கத்தில் நாளுக்கு ஒரு பகுதி வாசிக்கலாம். 81 நாளில் முடியும், மறுபடி தொடங்கலாம்.

மேடையில் ஒலிபெருக்கிக் கம்பி காலைத் தடுக்கிறது. எடையை ஒரு காலிலிருந்து மறுகாலுக்கு மாற்றுவதை நின்று பார்க்க விரும்புகிறவர்கள் முன்வரிசை நாற்காலிகளைக் கொஞ்சம் ஒதுக்கி வையுங்கள், கீழே வருகிறேன். முட்டிவலி உள்ளவர்கள் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டே செய்யலாம்.